நம்ம மணியா, பறங்கி மணியா

அன்று சாயங்காலம் தமிரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் வாழ்க்கையில் கடைசியாக நடந்த சாதாரண விஷயம் அதுதான். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். இதில் ஒரு வரியையும் நான் கட்டிச் சொல்லவில்லை. மணிகளைக்கூட நிமிடம் பிசகாமல் எழுதுகிறேன். ஒரு மணியைத் தப்பாகச் சொன்னதால் வந்த வினை இது. இன்னொரு தடவை தப்பாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பகுமே மாதம் இரண்டாம் தேதி. எங்கள் வருடத்தின் பதின்மூன்றாவது மாதம் அது, மொத்தமே ஐந்து நாள். அது முடிந்தால் புத்தாண்டு. அடிஸ் அபாபாவில் பாதிப் பேர் சொந்த ஊருக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். தமிருவும் பஹிர் தாரில் இருக்கும் அம்மாவைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். நான் கட்டிலில் மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவன் டிக்கெட் எடுத்ததும் அந்தத் தளத்தில்தான், ஒரு மணி நேரம் முன்பு, தன் போனில்.

"ஹிருதி."

என் பெயர் ஹிருத். ஹிருதி என்று அவன் ஒருவன்தான் கூப்பிடுவான்.

"ம்."

"டிக்கெட்ல பதினொண்ணுன்னு போட்டிருக்கே. நம்ம மணியா, பறங்கி மணியா?"

எங்கள் ஊரில் எல்லாரும் தினம் ஒரு முறையாவது கேட்கும் கேள்விதான். எங்களுக்கு நாள் சூரியனோடு தொடங்கும். விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் மணி ஒன்று, வெளி உலகத்துக்கு அப்போது ஏழு, அதுதான் பறங்கி மணி. அவர்களுடைய ஐந்து எங்களுக்குப் பதினொன்று. அவர்களுடைய பதினொன்று எங்களுக்கு ஐந்து. கம்பெனிக்கு பஹிர் தார் போக இரண்டே பஸ். விடியற்காலை ஒன்று, முற்பகல் ஒன்று. எந்தக் கணக்கில் சொன்னாலும் ஐந்து, பதினொன்று என்ற அதே இரண்டு எண்கள்தான் வரும். எது எந்தப் பஸ் என்பதுதான் மாறும்.

"நம்ம மணின்னா இப்பவே படுக்கணும். பறங்கி மணின்னா நல்லாத் தூங்கி எந்திரிச்சுப் போவேன். சொல்லு."

"நம்மதுதான். படு."

"கோழி எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஆளை எழுப்பி விடுது உன் கம்பெனி."

"கம்பெனி என்னுது இல்ல. வேலை மட்டும்தான் என்னுது."

அவன் சிரித்தான். நான் தலை நிமிரவில்லை.

அன்று மதியம்தான் முதலாளி வொர்கு ஐயா சொல்லி, தளத்தில் இருந்த எல்லா நேரங்களையும் பறங்கி மணிக்கு மாற்றியிருந்தேன். நானே. இந்தக் கையால். ஆனால் வாய், மூன்று வருடமாகச் சொல்லிப் பழகியதைச் சொல்லிவிட்டது.

மாற்றிய பிறகு விற்ற முதல் டிக்கெட் அவனுடையது.

காலையில் இருட்டோடு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அபாய் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கீழே இறங்கும் வளைவு ஒன்றில், விடியற்காலைப் பஸ் திரும்பாமல் நேரே போயிற்று. பறங்கி மணி 8:17. மீட்கப்பட்ட ஒரு பெண்ணின் கைக்கடிகாரம் அந்த நேரத்தில் நின்றிருந்தது. மழைக்காலம். ஆறு கரை முட்ட ஓடியது. பட்டியலில் நாற்பத்தொரு பேர். கிடைத்தது இருபத்தாறு உடல்கள். கிடைக்காதவர்களைப் பட்டியலைப் பார்த்துத்தான் இறந்தவர்கள் என்று அறிவித்தார்கள்.

பட்டியலில் தமிரு இல்லை. அவன் டிக்கெட் 11:00 பஸ்ஸுக்கானது. அந்தப் பஸ் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"கம்பெனி கணக்குல அவர் பத்திரமா இருக்கார், ஹிருத். நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார் வொர்கு ஐயா.

"விடியற்காலை பஸ்ல ஏறியிருப்பார் ஐயா."

"பதினொரு மணி டிக்கெட்டை வச்சுக்கிட்டு அஞ்சு மணி பஸ்ல கண்டக்டர் எப்படி ஏத்துவான்?"

கண்டக்டரும் பதினொன்று என்றால் எங்கள் பதினொன்று என்றுதான் படித்திருப்பான். அவனைக் கேட்கலாம் என்றால் அவனும் ஆற்றில்.

தெருவில் சாவுக்குப் பந்தல் போடுகிற சங்கம் ஒன்று உண்டு. மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். அவர்களும் கையை விரித்தார்கள். செத்ததாக எழுத்தில் இல்லாதவனுக்கு எப்படிப் பந்தல் போடுவது? நாற்பதாம் நாள் பிரார்த்தனைக்குப் பாதிரியாரும் தயங்கினார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என் காதில் விழும்படியே பேசினார்கள்.

"பஹிர் தார்ல இன்னொரு அடுப்பு எரியுதோ என்னவோ."

"ஆம்பளைங்க பஸ்ஸு மாறி ஏறுறது என்ன புதுசா?"

மாமியார் போனில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "அவன் பஸ் வந்திருச்சேம்மா. அவன் ஏன் வரலை?"

'நம்மதுதான், படு' என்று நான் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவன் எந்தப் பஸ்ஸில் ஏறினான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

ஏழு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அதன் பிறகு ஒருநாள் வொர்கு ஐயா கூப்பிட்டார்.

"டூரிஸ்டுக்காக மணியெல்லாம் மாத்தினோம். எத்தனை டூரிஸ்ட் நம்ம தளத்துக்கு வந்தான்னு ஒரு கணக்கு வேணாமா? அதைச் சொல்ற சாஃப்ட்வேர் இருக்காமே."

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

தளத்துக்கு யார் வந்தாலும் சர்வர் ஒரு வரி எழுதிவைக்கும். எந்த நேரம், எந்தப் பக்கம், எந்தப் போன், எத்தனை பைட் அனுப்பினோம்... எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கும். அதை லாக் என்பார்கள். நாளைக்கு ஒரு கோப்பு. பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் டிக்கெட்டில் இருக்கும் கட்டம் போட்ட படத்தைத் தன் போனால் பிடிப்பான். பிடித்ததும் அந்த டிக்கெட்டின் பக்கம் நம் தளத்தில் திறக்கும். திறந்தால் லாக்கில் ஒரு வரி விழும்.

தமிருவின் வரி ஐந்து மணிக்குச் சற்று முன்பு இருந்தால் அவன் செத்துவிட்டான். பதினொரு மணிக்குச் சற்று முன்பு இருந்தால் எங்கோ இருக்கிறான், என்னை விட்டுவிட்டு.

இரண்டில் ஒன்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சர்வர் ஆபீசிலேயே, டிக்கெட் கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்த அறையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஃபிக்ரு அண்ணன். ஐம்பது தாண்டியவர், தொலைபேசி இலாகாவில் இருந்து வந்தவர். லாக் கோப்புகளைக் கேட்டேன்.

"பழசெல்லாம் எதுக்குத் தங்கச்சி? போன மாசத்துலேர்ந்து தர்றேனே."

"பழசுதான் அண்ணா வேணும்."

"தேடணும். தூசியா இருக்கும்."

"கம்ப்யூட்டர்ல என்ன தூசி?"

அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். நானூறு கோப்புகளுக்கு மேல். நான் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. மொத்தமாக என் கணினிக்கு ஏற்றினேன்.

மறுநாள் பகுமே மூன்று. அவன் போய்ச் சரியாக ஒரு வருடம்.

அன்றைக்குப் பெய்யும் மழை புனிதமானது, அதில் நனைந்தால் நோய் போகும் என்பது எங்கள் வழக்கம். முற்பகலிலேயே தூறல் போட்டது. ஆபீசில் எல்லாரும் கூட்டமாகக் கோயிலுக்குக் கிளம்பினார்கள்.

"வா, நனைஞ்சுட்டு வரலாம்" என்றார் ஃபிக்ரு அண்ணன்.

"நான் நனைஞ்சு யாருக்கு அண்ணா என்ன ஆகப்போகுது? போயிட்டு வாங்க."

கதவு சாத்தியது. தகரக் கூரையில் மழை. தெருவில் குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம். நானும் கணினியும் மட்டும்.

இனி வருகிற மணியெல்லாம் லாக்கில் எழுதியிருந்த மணி. லாக் எழுதுவது பறங்கி மணிதான்.

மென்பொருளை நிறுவுவது பெரிய வேலையில்லை. சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. லாக் எந்த இடத்தில் இருக்கிறது, வரியில் முதலில் வருவது எது, நாலாவது எது, தேதி எப்படி எழுதியிருக்கும் என்றெல்லாம் ஒன்றொன்றாகச் சொல்ல வேண்டும். ஒன்று பிசகினால் எல்லா வரியையும் 'கெட்டுப்போன வரி' என்று தள்ளிவிடும். முதல் தடவை தள்ளிவிட்டது. இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை படிக்க ஆரம்பித்தது. நாங்கள் ஆபீசிலிருந்து பார்ப்பதைக் கணக்கில் சேர்க்காதே என்றேன். தேடுபொறிகள் அனுப்பும் ரோபாட்டுகளை விலக்கு என்றேன். வருடம் முழுவதையும் மென்று முடித்து ஒரு பக்கம் கொடுத்தது. எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கம் வழியாக நுழைந்தார்கள், எதைத் தேடினார்கள், எந்தப் பக்கத்திலிருந்து வெளியேறினார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் வருடத்துக்கு முப்பத்தொரு பேர். அதில் டிக்கெட் வாங்கியவர் ஒருவரும் இல்லை. அவர்களுக்காகத்தான் நான் மணியை மாற்றினேன்.

விபத்து நடந்த நாளின் தேதியைத் தட்டினேன். பறங்கிக் கணக்கில் செப்டம்பர் 8.

வந்தவர்: 1.
பார்த்த பக்கம்: 1.

நாள் முழுக்க ஒருவர்தானா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்த ஒன்றைத் தட்டினேன்.

04:52:17. தமிருவின் டிக்கெட் பக்கம். 2,114 பைட்.

அவ்வளவுதான்... கிடைத்துவிட்டது.

ஒரு வருடமாக நான் தேடியது அந்த எண். அழுகை வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பக்கத்தை அச்செடுத்தேன். வொர்கு ஐயாவுக்குப் போன் செய்தேன்.

"ஐயா, ஆதாரம் கிடைச்சிருச்சு. அவர் முதல் பஸ்லதான் ஏறியிருக்கார்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம். கூட்டத்தின் சத்தம்.

"பத்திரமா எடுத்து வை. நாளைக்குப் பாத்து, பேரைச் சேர்த்திரலாம்."

பேரைச் சேர்த்திரலாம். பந்தல் போடலாம். பாதிரியாரைக் கூப்பிடலாம். மாமியாரிடம் சொல்லலாம். என் புருஷன் செத்துப்போனது உறுதியாகிவிட்டது என்று நிம்மதிப்பட்டேன். அப்படியும் ஒரு நிம்மதி இருக்கிறது. அனுபவிக்காதவர்களுக்குப் புரியாது.

இன்னொரு பிரதி இருக்கட்டும் என்று கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓட்டினேன்.

பார்த்த பக்கம்: 2.

முதலில் ஒன்றுதானே இருந்தது?

04:52:17.
05:40:08.

அதே டிக்கெட் பக்கம். ஆனால் இரண்டாவது வரியில் இருந்தது கண்டக்டரின் போன் இல்லை. அது வேறு மாடல், பழையது. மூலை உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டு அவன் வைத்திருந்த போனின் மாடல். போன் இரண்டாகியும் 'வந்தவர்' மட்டும் 1 என்றே நின்றது.

சரி, பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு டிக்கெட்டைத் திறந்து பார்த்திருப்பான். முதல் தடவை மென்பொருள் அந்த வரியைத் தவற விட்டிருக்கும். அப்படித்தான் நினைத்தேன்.

சேர்த்துவைத்த கணக்கையெல்லாம் அழித்தேன். ஆரம்பத்திலிருந்து படிக்க விட்டேன். நானூறு கோப்புகளும் மெல்ல ஏறின.

பார்த்த பக்கம்: 3.

06:31:55.

ஒரு வருடத்துக்கு முன்பு எழுதி முடித்த கோப்பு. யாரும் தொடாத கோப்பு. அது வளராது. வளர முடியாது.

மறுபடி அழித்தேன். மறுபடி ஓட்டினேன்.

07:15:20.

ஏதோ ரோபாட் என்று சொல்லிக்கொண்டேன். விலக்கும் பட்டியலில் இன்னும் முந்நூறு பெயர்களைச் சேர்த்தேன். ஓட்டினேன். ரோபாட்டுகள் குறைந்தன. அந்த வருகையாளர் குறையவில்லை.

07:48:41.

இப்போது அறிக்கையின் கீழே, 'தேடிய சொற்கள்' என்ற இடத்தில், அதுவரை வெறுமையாக இருந்த கட்டத்தில் ஒரு வரி.

எங்கள் தளத்தின் மேல்மூலையில் ஒரு தேடும் பெட்டி உண்டு. ஊர்ப் பெயர் போட்டு பஸ் தேடுவதற்கு. அதில் யாரோ தட்டிய சொற்கள்.

*நம்ம மணியா பறங்கி மணியா*

மழை சட்டென்று வலுத்தது. தெருவில் குழந்தைகளின் சத்தம் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். ஓடிப்போயிருக்கலாம். கதவு நாலு எட்டில்தான் இருந்தது. ஆனால் அவன் கேட்டிருக்கிறான். ஒரு தடவை தலை நிமிராமல் பதில் சொன்னேன்... இன்னொரு தடவை எழுந்து போக எப்படி முடியும்?

ஓட்டினேன்.

08:02:13. *நம்ம மணியா பறங்கி மணியா*

ஓட்டினேன்.

08:09:30. *நம்ம மணியா பறங்கி மணியா*

இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

8:17.

அப்போதுதான் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆபீஸ் சுவரில் இருப்பது எங்கள் மணி காட்டும் கடிகாரம். வெளி உலகத்துக்கு மதியம் இரண்டைத் தாண்டியிருந்தது. எங்களுக்கு அது எட்டு.

கடிகாரத்தில் எட்டு மணி ஒன்பது நிமிடம்.

திரையில் 08:09.

காலையில் முதல் வரியைப் பார்த்தபோது சுவரில் மணி என்ன என்று யோசித்தேன். நினைவு வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தபோது அதைப் பார்த்திருந்தேன். ஐந்தாகக் கொஞ்சம் இருந்தது.

இது போன வருடத்து லாக் இல்லை.

அவன் இப்போது பஸ்ஸில் இருக்கிறான்.

சர்வருக்குள் நுழைந்தேன். எல்லா டிக்கெட் பக்கங்களுக்கும் பொதுவான அச்சைத் திறந்தேன். மணிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்.

*பறங்கி மணி. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். இறங்கிவிடு.*

சேமித்தேன். சுவரில் எட்டு பதின்மூன்று.

ஓட்டினேன். ஒன்றும் இல்லை.

ஓட்டினேன்.

08:15:40. டிக்கெட் பக்கம். 2,307 பைட்.

அதுவரை டிக்கெட் பக்கம் திறந்த எல்லா வரியிலும் 2,114 இருந்தது. இப்போது கூடியிருக்கிறது. நான் சேர்த்த வரியின் அளவு.

படித்துவிட்டான்...

போன வருடம், அந்த வளைவுக்கு மேலே, என் வரியைப் படித்துவிட்டான்.

"இறங்கு" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். "தமிரு, இறங்கு!"

ஓட்டினேன்.

08:16:22.

தேடிய சொற்கள்...

*ஹிருதி எங்கே இறங்குறது*

அந்தச் சாலையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் ஒன்றும் இல்லை. அங்கே எந்தப் பஸ்ஸும் நிற்காது.

பதில் தட்ட ஆரம்பித்தேன். என்ன தட்டினேன் என்று நினைவில்லை.

சுவரில் முள் நகர்ந்தது.

'டக்.'

08:17:03. 0 பைட்.

பிறகு...

ஓட்டினேன். ஓட்டினேன். ஓட்டினேன்.

ஒன்றும் இல்லை.

ஃபிக்ரு அண்ணன் தொப்பலாக நனைந்து வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேனாம். தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்னாச்சு தங்கச்சி? கரண்ட் அடிச்சிருச்சா?"

திரையைக் காட்டினேன். செப்டம்பர் 8. வந்தவர்: 1. அவர் குனிந்து பார்த்தார். தேதியைப் பார்த்தார். தாடியிலிருந்து மழைத் தண்ணீர் விசைப்பலகையில் சொட்டியது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"நீங்க குடுத்த லாக்லேர்ந்துதான்."

"இல்ல."

"என்ன இல்ல?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"அன்னிக்குச் சர்வரே ஓடலை, ஹிருத். முந்தின ராத்திரி பறங்கி மணி ஒம்பதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சுது. நான் மெஷினை அணைச்சுட்டு ஊருக்குப் போயிட்டேன், புத்தாண்டாச்சேன்னு. மறுநாள் பூரா அணைஞ்சேதான் கிடந்துச்சு. ரெண்டு பஸ்ஸுலயும் டிக்கெட்டைக் கண்ணால பாத்துத்தான் ஆளை ஏத்தினாங்க. படம் புடிக்கற வேலையே அன்னிக்கு நடக்கலை. விபத்துச் சேதி கேட்டு நாலாம் தேதி மதியம் திரும்பி வந்துதான் நான் மெஷினைப் போட்டேன். ஐயாவுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னு அந்தத் தேதியில வெறுங்கோப்பு ஒண்ணைச் செஞ்சு வச்சேன். நீ லாக் கேட்டப்போ... பயமாத்தான் இருந்துச்சு. ஆனா உள்ளே ஒண்ணும் இல்லன்னா மாட்டிக்குவேன்னுதான் பயந்தேன். இப்படிப் பயப்படலை."

கோப்பைத் தேடி எடுத்தோம். நானூறில் அது ஒன்று. அளவைப் பார்த்தோம்.

0 பைட்.

திறந்தோம். வெள்ளைப் பக்கம். ஒரு எழுத்து இல்லை, ஒரு புள்ளி இல்லை. ஃபிக்ரு அண்ணன் அதைத் தன் கணினியில் போட்டு அதே மென்பொருளை ஓட்டினார். வந்தவர்: 0. என் கணினியில் ஓட்டினார். வந்தவர்: 1.

அவர் அதற்குப் பிறகு அந்த அறையில் தனியாக உட்கார்ந்ததில்லை. மூன்று மாதத்தில் வேலையை விட்டார்.

ஃபிக்ரு அண்ணனே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகு, நான் அச்செடுத்த தாளை வொர்கு ஐயா வாங்கிப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை.

"சர்வர் அணைஞ்சிருந்த நாளோட கணக்கை எந்த அதிகாரிகிட்டம்மா காட்டுவேன்? உனக்கும் எனக்கும் பைத்தியம்னு சொல்லுவான்."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆக, பட்டியலில் இன்றும் நாற்பத்தொரு பேர். பந்தல் போடவில்லை. மாமியார் இன்றும் போனில் அதே கேள்வியைக் கேட்கிறார். நான் தப்பாகச் சொன்னதை அவரிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். சொன்னால் அவர் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இதில் எழுதியதுதான் முதல் தடவை.

ஆறு வருடம் ஆகிவிட்டது. அந்தக் கணினி என்னிடம்தான் இருக்கிறது. மென்பொருளை மாதம் ஒரு தடவை ஓட்டுகிறேன். செப்டம்பர் 8, வந்தவர்: 1. 'வெளியேறிய பக்கம்' என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அவன் உள்ளே வந்ததற்குக் கணக்கு இருக்கிறது. வெளியே போனதற்கு இல்லை.

தளத்தில் இப்போது எல்லா டிக்கெட்டிலும் இரண்டு மணிகளையும் அச்சிடுகிறோம். நம்ம மணி இது, பறங்கி மணி இது என்று கொட்டை எழுத்தில். நான்தான் பிடிவாதமாக மாற்ற வைத்தேன். அன்று நான் அவசரமாகச் சேர்த்த வரியையும் எடுத்துவிட்டேன்.

ஆனால் விற்று முடிந்த டிக்கெட்டில் பதிந்த மணியைத் திருத்த எங்கள் தளத்தில் வழியில்லை. தமிருவின் டிக்கெட் பக்கத்தைத் திறந்தால் இன்றும் அவன் பெயர், இருக்கை எண், ஊர், அதற்குக் கீழே 11:00 என்று மட்டும் இருக்கிறது.

எந்த மணி என்று அதில் போடவில்லை.